ஓடாத வண்டிக்கு வரி

கண்ணாடிக்காரர் கண்ணாடி அறுக்கும்போது பக்கத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சம்பளம் கொடுக்கிற முதலாளிக்கும் அதே சட்டம்தான். சக்கரக் கத்தியின் நுனியை மண்ணெண்ணெயில் தொட்டுக்கொண்டு, மரச்சட்டத்தை அளவில் வைத்து அழுத்திப் பிடித்து, மூச்சை அடக்கி, மேலிருந்து தன் வயிற்றை நோக்கி ஒரே இழுப்பு. துணி கிழிவதுபோல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் நடுவில் விட்டுப்போனால் அந்தக் கண்ணாடி போச்சு. விட்ட இடத்தில் இன்னொரு தரம் கத்தியை ஓட்டிச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைப்பவன் தொழிலுக்குப் புதுசு. ஒரு கோட்டை இரண்டு தடவை இழுத்தால் கத்தியும் கெடும், கண்ணாடியும் தன் இஷ்டத்துக்குத்தான் உடையும். இதை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். யாரும் முதல் மாதத்தில் கேட்டதில்லை.

தபால்காரர் வந்து நின்றது அப்படியொரு இழுப்பின் நடுவில்.

"சார், ஒரு கையெழுத்து."

கத்தி நிற்கவில்லை. கோடு முடிந்தது. கண்ணாடியை மேசை விளிம்புக்கு நகர்த்தி லேசாக ஓர் அமுக்கு அமுக்கினார். சொன்னபடி கேட்டு இரண்டானது. அதற்குப் பிறகே நிமிர்ந்து பார்த்தார்.

"வீட்டுல கொடுக்க வேண்டியதுதானே?"

"பூட்டியிருக்கு சார். இது கோர்ட்டுத் தபால். பேருக்கு உரியவர் கையிலதான் கொடுக்கணும். உங்க எதிர்வீட்டு டெய்லர்தான் இங்க இருப்பீங்கன்னார்."

தபால்காரர் நீட்டிய அட்டையை இடது கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அந்தக் கையின் கடைசி இரண்டு விரல்களுக்கும் உணர்ச்சி கிடையாது. ஐந்து வருஷமாக அப்படித்தான். எதையாவது பிடித்திருக்கிறோமா, விட்டுவிட்டோமா என்று கண்ணால் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

உறையைப் பிரித்தார். நீல நிறக் காரின் பதிவு எண் மேலே இருந்தது. மேற்படி வாகனத்துக்குப் பத்து மாதங்களாகச் சாலை வரி செலுத்தப்படவில்லை. வாகனம் ஓட்டத்தில் இல்லை என்ற அறிவிப்பும் தரப்படவில்லை. மூன்று நினைவூட்டல்களுக்கும் பதில் இல்லை. ஆகவே நீதிமன்றம் அபராதம் விதித்திருக்கிறது, பதினான்கு நாளுக்குள் கட்ட வேண்டும், ஆட்சேபம் இருந்தால் அதே காலத்துக்குள் நேரில் வரலாம். தொகை அவருடைய ஒன்றரை மாதச் சம்பளம்.

இரண்டு தடவை படித்தார். பயம் வருமென்று காத்திருந்தார், வரவில்லை. கோபமும் வரவில்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய ஜன்னல் கண்ணாடியில் மிச்சமிருந்த பதினோரு துண்டுகளையும் அறுத்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை.

முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னய்யா, காதல் கடிதமா?"

"கோர்ட்டுலேருந்து."

"கோர்ட்டா? உனக்கும் கோர்ட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்? நீ ரோட்டைக் கடக்கவே நாலு பேர்கிட்ட யோசனை கேக்கற ஆளு."

"காருக்கு வரி கட்டலையாம்."

முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அது அவருக்கு அபூர்வம். "வீட்டுல தெரியுமா?"

"தெரியாது."

"காரு இருக்கிறதே தெரியாது. அதுக்கு மேல இது வேறயா," என்று சொல்லிவிட்டு முதலாளி உள்ளே போனார்.

கார் இருந்தது. கடைக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட கிடங்கில், ஆளுயர முகம்பார்க்கும் கண்ணாடிகளைச் சாய்த்து வைத்திருக்கும் மரச்சட்டங்களுக்கு அந்தப் பக்கம், பழைய போர்வை ஒன்றைப் போர்த்திக்கொண்டு நின்றது. வெளுத்த நீலம். சனிக்கிழமை தவறாமல் சாப்பாட்டு நேரத்தில் போர்வையை விலக்கி, சாவியைப் போட்டு, பத்து நிமிஷம் எஞ்சினை ஓட விடுவார். பிறகு நிறுத்தி, போர்வையைப் போர்த்தி, கையைக் கழுவிக்கொண்டு ரொட்டியைத் தின்பார். எதற்காக இதைச் செய்கிறார் என்று முதலாளி ஒரு தடவை கேட்டார். பேட்டரி செத்துப்போய்விடும் என்றார் கண்ணாடிக்காரர். அது உண்மைதான்.

கார் மகனுடையது. தன் கையால் சம்பாதித்து வாங்கிய முதல் பொருள் அது. "உங்க பேர்லயே பதிஞ்சிடலாம்ப்பா" என்று பதிந்தான். அப்போது அவனும் இதே கடையில்தான் வேலை பார்த்தான். சின்ன மேஸ்திரி என்று கடையில் கூப்பிடுவார்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் கடை முகப்புக் கண்ணாடி ஒன்றை அப்பா ஒரு முனையும் மகன் ஒரு முனையுமாகத் தூக்கிப் போனார்கள். மகனின் பையில் போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை, தலையை மட்டும் திருப்பினான். கண்ணாடி நழுவி அப்பாவின் இடது கையில் இறங்கியது. அந்தக் காரில்தான் மகன் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். முன்சீட்டில் அந்த ரத்தக் கறை இன்னும் இருக்கிறது. கட்டுப்போட்டு முடித்து, நரம்பு அறுந்தது அறுந்ததுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு, கட்டிலருகே நின்ற மகனைப் பார்த்து அவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"நீ பிடிச்ச எதுவும் நிக்காதுடா."

மறுநாள் சாவியை அலமாரி மேல் வைத்துவிட்டு அவன் பஸ் ஏறிவிட்டான். அவ்வளவுதான். கத்தவில்லை, கதவைச் சாத்தவில்லை. நாலு வருஷம் கார் வாசலிலேயே நின்றது. வரி என்று ஒன்று இருப்பதே அவர் நினைவில் இல்லை. வண்டி சமாச்சாரமெல்லாம் மகன் பார்த்துக்கொண்டது. போன வருஷம் ஒருநாள் காரைக் கடைக்கு ஓட்டி வந்து இங்கே நிறுத்திவிட்டு, நடந்து வீட்டுக்குப் போய், "வித்துட்டேன்" என்று மனைவியிடம் சொன்னார். அவள் "சரி" என்றாள். அந்த விபத்துக்குப் பிறகு அவள் கடைப்பக்கம் காலெடுத்து வைத்ததில்லை, ஆகவே பொய் பத்திரமாக இருந்தது.

இப்போது அந்தப் பொய் அவர் சட்டைப் பையில் நாலாக மடிந்து கிடந்தது. ஒன்றரை மாதச் சம்பளத்தை அவளுக்குத் தெரியாமல் புரட்டுவது எப்படி என்பதுதான் அன்றைக்கு அவருக்கிருந்த ஒரே யோசனை.

மூன்றாம் நாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டு நீதிமன்றத்துக்குப் போனார். விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. கையெழுத்துக் கேட்டார்கள், பையைத் திறந்து பார்த்தார்கள், எண் அச்சடித்த சீட்டு ஒன்றைக் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். நாற்காலிகள் எல்லாம் ஒன்றோடொன்று கம்பியில் கோத்திருந்தன. ஒருவர் கால் ஆட்டினால் வரிசையே ஆடியது. எதிரே, வாகன வரி ஆபீசுக்கென்று ஒதுக்கிய கவுன்டரின் தடுப்புக் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். பத்து மில்லிமீட்டர். பேசுவதற்குப் போட்ட ஓட்டையின் விளிம்பைச் சரியாகத் தேய்க்கவில்லை. யாரோ அவசரத்தில் செய்த வேலை.

அவர் எண் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜலதோஷம் பிடித்த ஒரு பெண் கைக்குட்டையும் கையுமாக இருந்தாள்.

"சொல்லுங்க சார்."

காகிதத்தை உள்ளே தள்ளினார். "இது ஓடாத வண்டிம்மா. ஷெட்டுலயே நிக்குது. ஓடாத வண்டிக்கு எதுக்கு வரி?"

"ஓடலைன்னா கட்ட வேண்டாம் சார். ரொம்பச் சரி. ஆனா ஓடலைன்னு சொல்லணும்."

"யார்கிட்ட?"

"எங்க ஆபீசுக்குத்தான். ஒரு ஃபாரம் இருக்கு. அதுக்குக் காசு கூடக் கிடையாது."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா ஓடுதுன்னு அர்த்தம்."

"நின்ன இடத்துலயே நிக்குதும்மா. போர்வை போத்தி வச்சிருக்கேன். டயர்ல பாதி காத்து இல்லை."

"அது எங்களுக்கு எப்படி சார் தெரியும்? போர்வைக்குள்ள இருக்கிறது உங்களுக்குத்தானே தெரியும்." அவள் தும்மினாள். "மன்னிச்சுக்குங்க. மூணு தடவை கடிதம் போட்டிருக்கோம். ஒண்ணுக்காவது பதில் சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

"எனக்கு ஒரு கடிதமும் வரலை."

"வந்துச்சு சார். நீங்கதான் திருப்பி அனுப்பினீங்க." அவள் கோப்பைப் புரட்டி மூன்று உறைகளை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினாற்போலப் பிடித்தாள்.

மூன்றிலும் முகவரியின் குறுக்கே ஒரு கோடு. அதற்குக் கீழே நீல மையில், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதினதுபோல உருண்டை உருண்டையாக: வண்டி விற்றாகிவிட்டது. இனி இங்கே அனுப்ப வேண்டாம்.

மனைவியின் கையெழுத்து. மளிகைச் சீட்டில் அவர் வாரம் தவறாமல் பார்க்கிற கையெழுத்து.

"உங்க வீட்டுலயா?" என்றாள் அந்தப் பெண். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஆமா."

"வித்துட்டீங்களா, விக்கலையா சார்? எனக்கு அது தெரியணும்."

"விக்கலை."

"அப்ப இவங்க ஏன் இப்படி எழுதினாங்க?"

"நான் அப்படிச் சொன்னேன். அதனால எழுதியிருக்கா."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு கணினிப் பக்கம் திரும்பினாள். "சரி, இருங்க. பத்து மாசம் முன்னாடி வரைக்கும் ஒழுங்காத்தானே கட்டியிருக்கீங்க. ஒரு மாசம் கூடத் தவறலை. திடீர்னு ஏன் நிறுத்தினீங்க?"

"நான் கட்டலையே."

"கட்டியிருக்கீங்க சார். மாசாமாசம் பேங்க்லேருந்து தானாப் போற மாதிரி. ஆறு வருஷமா." கண்ணைச் சுருக்கிப் படித்தாள். "ஓ, கணக்கு உங்களுது இல்லை. வேற பேர். அப்பா பேருன்னு இருக்கிற இடத்துல உங்க பேர் இருக்கு. உங்க பையனா?"

தடுப்புக் கண்ணாடியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார் கண்ணாடிக்காரர். தேய்க்காத விளிம்பு. கையைப் பார்த்தார். சுண்டு விரலில் ஒரு சொட்டு ரத்தம் இருந்தது. வலிக்கவில்லை.

"அவன் அஞ்சு வருஷம் முன்னாடியே போயிட்டானே," என்றார்.

"ஐயோ, சார்... தெரியாமக் கேட்டுட்டேன்."

"அய்யய்யோ, அப்படி இல்லைம்மா. வேற ஊருக்குப் போயிட்டான். பேச்சுவார்த்தை இல்லை."

"அப்பாடா," என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ எழுதி, உறைகளின் நகலோடு சேர்த்துத் தள்ளினாள். "பேச்சு இல்லாட்டியும் வரி கட்டியிருக்காரு. பத்து மாசம் முன்னாடி, ஒரு புதன்கிழமை, அவரே நிறுத்தச் சொல்லியிருக்காரு. இந்தாங்க, தேதி. அவர் கையால ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. வண்டி வித்தாச்சுன்னு தப்பா நினைச்சு நிறுத்திட்டேன், இப்படி ரெண்டு வரி. நீதிபதி பார்த்து முக்கால்வாசி குறைப்பாரு. இல்லைன்னா முழுசும் கட்டணும். அவர் நேர்ல வர வேண்டாம். கையெழுத்து இருந்தாப் போதும்."

"கடிதம் எழுதுவானான்னு தெரியலை."

"கேட்டாத்தானே சார் தெரியும்," என்றாள். அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.

பஸ்ஸில் வரும்போது ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தார். வாசலில் கார் நின்ற நாலு வருஷமும் மகன் அதற்கு வரி கட்டிக்கொண்டிருந்திருக்கிறான். ஓட்டாத காருக்கு. தன் பேரில் இல்லாத காருக்கு. பிறகு ஒரு புதன்கிழமை விட்டுவிட்டான். அபராதத் தொகை அவருக்கு மறந்தே போய்விட்டது. அந்தப் புதன்கிழமை அவனுக்கு என்ன ஆனது என்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

வீட்டில் விளக்குப் போட்டிருந்தது. மனைவி வேலை முடிந்து வந்து, சேலை மாற்றாமல், தரையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். சட்டைக் கம்பெனியில் பட்டன் மிஷினில் வேலை அவளுக்கு. ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை, ஒரு சட்டைக்கு எட்டுப் பட்டன். மிஷினை விட்டு வந்தும் வலது கால் கொஞ்ச நேரம் தானாக மிதித்துக்கொண்டிருக்கும்.

அவர் மூன்று நகல்களையும் அவள் எதிரில் வைத்தார்.

"இது உன் எழுத்துதானே?"

எட்டிப் பார்த்தாள். "ஆமா."

"ஏன் என்கிட்ட காட்டலை?"

"வித்த வண்டிக்கு நமக்கு எதுக்குக் கடிதம்? வாங்கினவன் பேர் மாத்தலை போலன்னு நினைச்சேன். உங்ககிட்ட காட்டினா மறுபடி அந்தப் பேச்சு வரும். நீங்க ரெண்டு நாள் சோத்துல கை வைக்க மாட்டீங்க. அதான் நானே எழுதித் தபால்காரர்கிட்ட கொடுத்துட்டேன். தப்பா?"

"வண்டி விக்கலை."

கத்தி கிழங்கின் மேல் போய்க்கொண்டே இருந்தது. தோல் அறுபடாமல் நீளமாகத் தொங்கியது.

"வித்த காசுன்னு கொண்டாந்து கொடுத்தீங்களே? ஃபிரிட்ஜ் வாங்கினோமே?"

"முதலாளிகிட்ட முன்பணம் வாங்கினேன். போன மாசம்தான் அடைஞ்சுது."

"வண்டி எங்க இருக்கு?"

"கடைக்குப் பின்னாடி. ஷெட்டுல."

"இத்தனை மாசமா?"

"ஆமா."

"ஏங்க?" என்றாள். கோபம் இல்லை, கேட்டாள், அவ்வளவுதான். அவளுக்கும் மரத்துத்தான் போயிருந்தது.

"வாசல்ல நின்னா போறவன் வர்றவன் எல்லாம் 'பையன் வந்துட்டானா'ன்னு கேக்கறான். மழை பெஞ்சு காரு பளிச்சுனு இருந்தாக்கூட எதிர்வீட்டு டெய்லர் 'தம்பி வந்தாச்சு போல, வண்டி கழுவியிருக்கே'ங்கறாரு. எத்தனை பேருக்கு இல்லை, இல்லைன்னு சொல்றது? விக்கலாம்னுதான் கொண்டு போனேன். வாங்க ஆள் வந்தான். முன்சீட்டுக் கறையைப் பார்த்து, 'இதுக்குக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா'ன்னு கேட்டான். குடுக்க மனசு வரலை."

அவள் கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். அவர் துண்டுக் காகிதத்தை எடுத்தார்.

"இத்தனை வருஷமா அதுக்கு வரி யார் கட்டினாங்க தெரியுமா?"

"நீங்கதான்."

"அவன்."

அப்போதுதான் அவள் கை நின்றது.

"போன வருஷம் வரைக்கும் அவன்தான் கட்டியிருக்கான். இந்தத் தேதியில நிறுத்தியிருக்கான். புதன்கிழமை. என்ன ஆச்சுன்னே தெரியலை. உடம்புக்கு ஏதாவதா, வேலை போச்சான்னு..."

அவள் காகிதத்தை வாங்கித் தேதியைப் பார்த்தாள். விரலை மடக்கி ஏதோ எண்ணினாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அழவில்லை, வேர்வைதான்.

"நான்தாங்க," என்றாள். "அன்னைக்குத்தான் நான் அவன்கிட்ட சொன்னேன், அப்பா காரை வித்துட்டாருன்னு."

"எப்படிச் சொன்ன?"

"போன்ல."

வெளியே தூறல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே தெருவைக் கடந்து போனார்கள்.

"உனக்கு அவன் போன் பண்ணுவானா?"

"புதன்கிழமையானா பண்ணுவான். கம்பெனியில சாப்பாட்டு மணி அடிச்சதும். அவன் போன மொத வாரத்துலேருந்து. சாப்பிட்டியாம்மாம்பான். காலு வலிக்குதாம்பான். அப்புறம் உங்க விரலைக் கேப்பான். வாரம் தவறாமக் கேப்பான்."

"என்ன சொல்லுவ?"

"கொஞ்சம் கொஞ்சமா உணர்ச்சி வருதுன்னு சொல்லுவேன்."

கண்ணாடிக்காரர் தன் கையைப் பார்த்தார். சுண்டு விரலில் ரத்தம் காய்ந்திருந்தது.

"கடைசியா வண்டியைக் கேப்பான்," என்றாள் அவள். "வாசல்ல நிக்குதாம்மாம்பான். நிக்குதுடாம்பேன். சரிம்மான்னு வச்சுடுவான். ஒவ்வொரு தடவையும் அதான் கடைசிப் பேச்சு. அன்னைக்கும் கேட்டான். அவன்கிட்ட எப்படிங்க பொய் சொல்றது? அப்பா வித்துட்டாருன்னேன். 'அப்பாவா வித்தாரு? அவரே கொண்டு போயா?'ன்னான். ஆமாடான்னேன். 'சரிம்மா'ன்னான். அவ்வளவுதான். அதுக்கப்புறம் புதன்கிழமை போன் வர்றதில்லை. நான் போட்டா எடுக்கறதில்லை. மாசம் ஒரு தடவை 'நல்லா இருக்கேன்'னு எழுதி அனுப்புவான். நானும் பத்து மாசமா சாப்பாட்டு மணி அடிச்சா போனைக் கையில வச்சுக்கிட்டு வெளியில போய் நிக்கறேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்க என்கிட்ட சொன்னீங்களா?"

அவள் எழுந்தாள். கிழங்கை வேகவைத்து, முட்டையைப் பொரித்து, சோற்றைப் போட்டாள். இருவரும் சாப்பிட்டார்கள். உப்பு அதிகம் என்பது இரண்டு பேருக்குமே தெரியவில்லை. பாத்திரத்தைக் கழுவும்போதுதான் அவள் ஒரு விரலை நக்கிப் பார்த்து, "அடக் கடவுளே, எப்படித் தின்னோம்?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. காலைச் சாப்பாடு முடிந்ததும் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "வாங்க. நான் பார்க்கணும்," என்றாள்.

ஐந்து வருஷத்துக்குப் பிறகு அவள் அந்தக் கடைக்குள் நுழைந்தாள். கண்ணாடி மேசையைத் தாண்டும்போது மட்டும் சுவரோரமாக ஒதுங்கி நடந்தாள். கிடங்கில், சாய்த்து வைத்திருந்த முகம்பார்க்கும் கண்ணாடிகள் எல்லாவற்றிலும் இரண்டு பேரும் போனார்கள். வயதானவர்கள் கூட்டமாக வருவதுபோல இருந்தது. கண்ணாடிக்காரர் போர்வையை விலக்கினார்.

அவள் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கதவைத் திறந்து, ஓட்டுகிற சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டில், கறை இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். தடவிக் கொடுத்தாள். "சோடா உப்புப் போட்டுத் தேய்ச்சா போயிருக்கும். இவ்வளவு நாள் விட்டுட்டீங்க," என்றாள்.

அவர் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தார். அவள் தன் போனை எடுத்து மகனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்து ஓய்ந்தது. இன்னொரு தடவை போட்டாள். அதுவும் ஓய்ந்தது.

"உங்க போன்லேருந்து போடுங்க."

"என் நம்பரைப் பார்த்தா எடுக்கவே மாட்டான்."

"போட்டுப் பார்த்தீங்களா?"

"இல்லை."

"அஞ்சு வருஷத்துல?"

"இல்லைன்னு சொல்றேன்ல."

"அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கவுன்டர் பெண் கேட்டது போலவே இருந்தது. அவர் போனை எடுத்தார். அதில் மகனின் எண் 'சின்ன மேஸ்திரி' என்றுதான் இன்னும் இருந்தது. போனைப் பிடித்திருந்த கையைக் கண்ணால் ஒரு தரம் பார்த்துக்கொண்டார், நழுவாமல் இருக்கிறதா என்று. பிறகு நேரே ஸ்டீயரிங்குக்கு முன்னாலுள்ள பலகையில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, அழுத்தினார். ஒரு கோட்டை இரண்டாம் தரம் இழுக்கிற ஆள் இல்லை அவர். பயமாக இருந்தது. இந்த வாரத்தில், ஏன், ஐந்து வருஷத்தில் அவருக்கு ஏதாவது ஒன்று உறைத்தது அப்போதுதான்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

மூச்சு வாங்கியது அவனுக்கு. அப்பா எண்ணிலிருந்து போன் வந்தால் வேறென்ன நினைப்பான்?

"ஒண்ணும் இல்லைடா. நல்லா இருக்கா. பக்கத்துலதான் இருக்கா."

வைத்துவிடுவானோ என்று அவள் கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்குச் சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. எதுவும் வாய்க்கு வரவில்லை. காகிதத்தில் இருந்ததுதான் வந்தது.

"கோர்ட்டுலேருந்து அபராதம் வந்திருக்கு. காருக்கு. வரி கட்டலைன்னு."

"எந்தக் காருக்கு?"

"நம்ம காருக்கு."

"அதுதான் வித்தாச்சே."

"விக்கலைடா."

"அம்மா சொன்னாங்களே."

"அவ தெரியாமச் சொல்லிட்டா. நான் அவகிட்ட பொய் சொன்னேன். வண்டி இங்கதான் இருக்கு. கடை ஷெட்டுல. நாங்க அதுக்குள்ளதான் உக்காந்திருக்கோம்."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. எங்கேயோ தனியிடத்துக்குப் போயிருக்க வேண்டும். அவள் வாயைத் திறந்தாள். கண்ணாடிக்காரர் கையைக் காட்டி அடக்கினார், கத்தி ஓடும்போது அடக்குவதுபோல.

"ஸ்டார்ட் ஆகுதாப்பா?"

அவர் சாவியைத் திருப்பினார். முதல் தடவை இருமிவிட்டு நின்றது. இரண்டாவது தடவையும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பழக்கமில்லை. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைக்குக் கீழே சத்தம் பெரிதாக நிறைந்தது. சாய்த்திருந்த கண்ணாடிகளெல்லாம் மெதுவாக அதிர்ந்தன. எஞ்சின் சத்தத்துக்கு மேலாக, உள்ளேயிருந்து, பூனைக்குட்டி கத்துவது மாதிரி ஒரு கீச்சுக்குரலும் வந்தது.

"பெல்ட் கத்துதே," என்றான் மகன். "எப்பலேருந்து?"

"மழை ஆரம்பிச்சதுலேருந்து."

"மாத்தலையா?"

"எனக்கு அதெல்லாம் தெரியலைடா." எந்த வேலையைப் பற்றியும் தெரியாது என்று அவர் சொல்லி மனைவி கேட்டதில்லை. திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அன்னைக்கு ஆஸ்பத்திரியில சொன்னது தப்புடா," என்றார்.

கீச்சுச் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"ஆஃப் பண்ணுங்கப்பா," என்றான் கடைசியில். "பெல்ட் அறுந்துடும். நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க."

கண்ணாடிக்காரர் சாவியைத் திருப்பினார்.